வேனிலில் வெளிவந்த பனைகள்

பனை, தென்னை, ஈந்து என்னும் மரங்களை வானமே கூரையாகக் கொண்டு நிற்பவையாகவே கண்டு வளர்ந்த நமக்கு, அதே குலத்தைச் சேர்ந்த மரங்கள் உலகத்தின் வேறொரு பகுதியில் ஆண்டுக்கு ஏழு மாத காலம் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடந்து, மே மாதத்தின் நடுவில் ஆட்களின் கைபலத்தால் வெளியே கொணரப்பட்டு, அக்டோபரில் மறுபடியும் உள்ளே கொண்டுபோகப்படுகின்றன என்பது முதலில் நம்புதற்கரிய செய்தியாகவே தோன்றும். ஆயினும் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் சம்பிரதாயம் அது. வடதேசத்தில் பனை வளர்ந்த வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் அரசர்களையும் அவர்கள் எழுப்பிய கண்ணாடி மாளிகைகளையும் பற்றியே விஸ்தாரமாக எழுதினார்கள். அந்த மரங்களை உண்மையில் உயிரோடு காத்தவர்களோ, ஆண்டுதோறும் இருமுறை அவற்றைச் சுமந்தும் உருட்டியும் இடம் மாற்றிய பெயரறியாத் தோட்டக்காரர்களே என்பது என்னுடைய துணிபு.

இத்தாலியிலுள்ள பாதுவா நகரத்தின் தாவரத் தோட்டம் 1545-இல், அவ்வூர்ப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் மூலிகைகளை நேரில் கண்டு கற்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு அமைக்கப்பட்டது. அங்கே 1585-ஆம் ஆண்டில் நடப்பட்ட குட்டைப்பனை ஒன்று இன்றும் இருக்கிறது. விசிறி போன்ற ஓலைகளை உடைய அந்த மரம் மத்தியதரைக் கடலின் மேற்குக் கரைகளுக்கு உரியது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிவரும் பனிக்காற்றுக்கு அஞ்சி அதனை எண்கோண வடிவமான ஒரு கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் காத்துவருகிறார்கள். ஜெர்மானிய மகாகவியாகிய கெதே 1786-இல் பாதுவாவுக்கு வந்தபோது இந்த மரத்தின் முன் நெடுநேரம் நின்றார். அடியில் ஈட்டி முனைபோல் பிளவின்றி இருந்த இளம் ஓலை, மேலே செல்லச் செல்லச் சிறிது சிறிதாகப் பிரிந்து, முடிவில் முழு விசிறியாக விரிவதைக் கண்டு அவர் வியந்தார். தோட்டக்காரரிடம் வேண்டிக்கொண்டு, அந்த வரிசையில் அமைந்த ஓலைகளை ஒவ்வொன்றாக வெட்டி வாங்கித் தம்மோடு எடுத்துச் சென்றார். செடியின் உறுப்புகள் யாவும் ஒரே மூல உறுப்பின் உருமாற்றங்களே என்னும் கருத்தை விளக்கி 1790-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு இந்தப் பனையும் ஒரு தூண்டுகோல். அதனால் கெதேயின் பனை என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

பாதுவாவின் பனை ஓரிடத்தில் ஊன்றி நின்ற மரம். அதைத் தேடிக்கொண்டு வீடு வந்தது. வீட்டைத் தேடிக்கொண்டு மரம் போகும் வழக்கத்தை உண்டாக்கியவை ஆரஞ்சு மரங்களே. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்காக ழூல் ஆர்துவான் மான்ஸார் என்னும் கட்டடக்கலைஞர் 1684 முதல் 1686 வரை வெர்சாயில் கட்டிய ஆரஞ்சு மண்டபம், நடுக்கூடம் மட்டுமே 150 மீட்டர் நீளமுள்ளது. தெற்கு நோக்கிய அதன் பெரிய சாளரங்கள் குளிர்காலத்துச் சாய்ந்த வெயிலை முழுவதும் உள்ளே வாங்கிக்கொள்கின்றன. கனத்த சுவர்கள் அந்த வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. நெருப்பு மூட்டாமலே அங்கே வெப்பநிலை ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்காது. இன்றைக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஆரஞ்சு, மாதுளை, அரளி முதலியவற்றுக்கு இடையே பனைகளும் அவற்றுள் உண்டு.

அம்மரங்கள் நிற்கும் பெட்டியைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும். நான்கு மூலைகளிலும் கால்கள் நிறுத்தி, இரும்புச் சட்டத்துக்குள் ஓக்கு மரப் பலகைகளைப் பொருத்திச் செய்த சதுரப் பெட்டி அது. லெ நோத்ர் என்னும் தோட்டக்கலைஞர் அதனை வகுத்தார் என்பார்கள். பலகைகளைக் கழற்றக்கூடியவாறு அமைத்திருப்பதுதான் அதன் நுட்பம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பக்கத்துப் பலகையை நீக்கி, நெருக்கிச் சுருண்ட வேர்களை நறுக்கி, பழைய மண்ணைக் களைந்து புதுமண்ணை இட்டு மறுபடி மூடிவிடலாம். மரத்தை வெளியே தூக்கி அதன் வேர்ப்பிடிப்பைக் குலைக்க வேண்டியதில்லை. பெட்டியின் அடியில் தண்டுகளைச் செலுத்தியும், தாழ்ந்த சக்கர வண்டிகளில் ஏற்றியும் அதனை நகர்த்தினார்கள். திருவிழாவில் உற்சவமூர்த்தியை வீதிக்கு எழுந்தருளச் செய்வோர் எவ்வளவு அவதானத்தோடு அடி எடுத்து வைப்பார்களோ, அவ்வளவு அவதானம் அதற்கு வேண்டியிருந்தது.

எந்த நாளில் வெளியே வைப்பது என்பதில்தான் இந்தத் தொழிலின் உயிர்நாடி இருக்கிறது. மத்திய ஐரோப்பியக் குடியானவர்களும் தோட்டக்காரர்களும் மே மாதம் 11-ஆம் தேதி முதல் 15-ஆம் தேதி வரையிலுள்ள நாட்களைப் பனி முனிவர்களின் நாட்கள் என்று அழைக்கிறார்கள். மாமர்த்துஸ், பங்கிராத்தியுஸ், செர்வாத்தியுஸ், போனிபாத்தியுஸ் என்னும் நால்வரும், குளிர்ந்த சோபியா என்று அவர்கள் குறிப்பிடும் ஐந்தாமவளும் கிறிஸ்தவத் திருநாட்காட்டியில் அந்நாட்களுக்கு உரியவர்கள். ஏப்ரலில் எவ்வளவுதான் இதமான வெயில் அடித்தாலும், இந்த ஐவரும் கடந்து போகும் வரையில் மென்மையான செடி எதையும் வெளியே வைக்கலாகாது என்பது அவர்களுடைய விதி. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் சாங்ஸூசி அரண்மனையில் இந்த விதியை மூடநம்பிக்கையென்று தள்ளி, மே மாதத் தொடக்கத்திலேயே ஆரஞ்சு மரங்களை மேடைகளில் கொணர்ந்து வைக்கும்படி கட்டளையிட்டார் என்றும், தலைமைத் தோட்டக்காரர் தடுத்துச் சொல்லியும் கேளாமற்போகவே, அந்த முனிவர்களின் இரவொன்றில் வீழ்ந்த உறைபனியில் மரங்கள் கருகின என்றும் ஒரு கதை ஜெர்மனியில் வழங்குகிறது. கதையாயினும், அரசரின் ஆணைக்குப் பருவம் கட்டுப்படாது என்பதைத் தோட்டக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட முறை அது.

உறைபனி நீங்கிவிட்டதென்று உடனே வெயிலில் நிறுத்திவிடலாமா என்றால், அதுவும் கூடாது. ஏழு மாதம் மங்கிய ஒளியில் இருந்த ஓலையின் மேற்றோல் மெலிந்து போயிருக்கும். நேர்வெயிலில் ஒரே பகலில் அது வெளுத்து, பிறகு பழுப்பேறிக் காய்ந்துவிடும். மற்ற செடிகள் புதுத்தளிர் விட்டு அந்த வடுவை மறைத்துக்கொள்ளும். பனையோ ஆண்டுக்குச் சில ஓலைகளே விடுகிற மரமாதலால், ஒரு நாளின் அஜாக்கிரதையைச் சில ஆண்டுகள் சுமந்து நிற்கும். ஆகையால் முதல் பத்துப் பதினைந்து நாட்கள் சுவரின் நிழலிலோ பெரிய மரத்தின் அடியிலோ வைத்து, சிறிது சிறிதாக ஒளிக்குப் பழக்குகிறார்கள். அப்படிப் பழகிய மரத்துக்கு வேனில் செய்யும் நன்மை கொஞ்சமன்று. மழை ஓலையின் தூசியைக் கழுவுகிறது. வீட்டின் வறண்ட காற்றில் பெருகிய செதிற்பூச்சியும் சிலந்திப்பேனும் காற்றிலும் ஈரத்திலும் ஒடுங்குகின்றன. ஓராண்டின் வளர்ச்சியில் பெரும்பகுதி அந்த ஐந்து மாதத்திலேயே நிகழ்கிறது. இலையுதிர்காலத்து மழையில்தான் மறுபடியும் அபாயம் வருகிறது. பனைக்குக் குருத்து ஒன்றே என்பது நமக்குத் தெரிந்ததுதான். குளிர்ந்த நீர் அங்கே தேங்கி அழுகினால், கிளையில்லாத ஒற்றைத் தண்டுப் பனை அதோடு முடிந்தது. அக்டோபரில் அவர்கள் காட்டும் அவசரத்துக்குக் காரணம் இதுவே.

எல்லாப் பனைகளும் இந்த வாழ்க்கைக்கு இசையவில்லை. ஈந்தும், கானரித் தீவுப் பனையும், மத்தியதரைக் குட்டைப்பனையும் குளிர்ந்த மண்டபத்தில் உறங்கிக் கழிக்கும். பூமத்திய ரேகைக் காடுகளின் பனைகளோ மேலிருந்து ஒளியும் எந்நேரமும் வெப்பமும் கேட்பவை. அவற்றுக்காகவே இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த பெருமனைகள் எழுந்தன. இங்கிலாந்தில் கண்ணாடிமீது விதிக்கப்பட்டிருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டது அதற்கு உதவிற்று. லண்டனையடுத்த கியூ தோட்டத்தில் 1844 முதல் 1848 வரை டெசிமஸ் பர்ட்டனும் ரிச்சர்ட் டர்னரும் கட்டிய பனைமாளிகை ஏறத்தாழ 110 மீட்டர் நீளமுள்ளது. வெயிலின் கடுமையைத் தணிக்க முதலில் பச்சைச் சாயை கொண்ட கண்ணாடியையே அதில் பதித்தார்கள். இவற்றைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. நான் மேலே செல்கிறேன்.

அரண்மனைக்குரிய இந்த வழக்கத்தைப் பொதுஜனங்களின் பூங்காவுக்குக் கொண்டுவந்தவர்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். பாரிஸில் பாரிலே தெஷான் என்னும் தோட்டக்கலைஞர் நகரசபையின் நாற்றுப்பண்ணையில் அயன்மண்டலச் செடிகளைப் பெருக்கி, கோடையில் பூங்காக்களுக்கு அனுப்பிவைத்தார். லண்டனில் ஜான் கிப்ஸன் 1860-களில் பாட்டர்ஸீ பூங்காவில் அதையே செய்தார். இந்தக் கிப்ஸன் இளமையில் டெவன்ஷயர் பிரபுவின் செலவில் 1835-இல் புறப்பட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, காஸி மலைகளில் ஆர்க்கிட் செடிகளைத் திரட்டிச் சென்றவர். செடிகள் தம் சொந்தக் காட்டில் எப்படி நிற்கும் என்பதைக் கண்ணால் கண்டவராதலால், காற்று வீசாத பள்ளங்களை அமைத்து, பனைகளைத் தொட்டியோடு மண்ணில் புதைத்து, தொட்டி தெரியாமல் புல்லால் மூடி, அவை அங்கேயே முளைத்தவைபோல் தோன்றச் செய்தார். அரண்மனை வாயிலைக் கண்டறியாத தொழிலாளிக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பனை நிழலில் உலாவின. வில்லியம் ராபின்ஸன் என்னும் தோட்டக்கலை எழுத்தாளர் 1871-இல் இத்தகைய தோட்டங்களைப் பற்றியே ஒரு நூல் எழுதி, குளிரைத் தாங்கும் செடிகளைக்கொண்டே அதே கம்பீரத்தைப் பெறலாமே என்று வாதித்தார். செலவை நோக்கினால் அவர் சொன்னது நியாயமே. ஆனாலும் அந்த ஏழை ஜனங்கள் கண்ட காட்சிக்கு அது ஈடாகுமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்திலும் இதையொத்த ஒன்று நடந்தது. 1866-ஆம் ஆண்டுப் போரில் நாசௌ நாட்டை இழந்த அடோல்ப் பிரபு, பீப்ரிக் மாளிகையில் தாம் சேர்த்திருந்த செடிகளை விற்க முன்வந்தபோது, ஹைன்ரிக் ஸீஸ்மாயர் என்னும் தோட்டக்கலைஞரின் முயற்சியால் நகரமக்கள் பங்குத்தொகை போட்டு அவற்றை வாங்கினார்கள். 1871-இல் திறக்கப்பட்ட பனைத்தோட்டம் இன்றும் அதே பெயரோடு விளங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடல் நடுவிலுள்ள லார்டு ஹவ் என்னும் சிறு தீவிலிருந்து கென்டியாப் பனையின் விதைகள் ஏற்றுமதியாகத் தொடங்கவே, நடுத்தர வர்க்கத்தாரின் கூடத்திலும் ஒரு பனை இடம்பெற்றது. மங்கிய ஒளியைப் பொறுக்கும் அந்த மரத்தையும் கோடையில் முற்றத்து நிழலில் வைத்து மழையில் நனைய விட்டார்கள்.

பிறகு யுத்தங்கள் வந்தன. இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் என்னும் தோட்டக்கலைஞர் 1840-இல் கட்டிமுடித்த மாபெரும் கண்ணாடிமனை, முதல் உலகப்போரில் நிலக்கரி கிடைக்காமல் குளிர்ந்துபோயிற்று; செடிகள் மடிந்தன; 1920-இல் அந்தக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். வியன்னாவில் 1882-இல் எழுந்த ஷோன்புருன் பனைமாளிகையின் கண்ணாடிகளை 1945 பிப்ரவரியில் விழுந்த குண்டுகள் நொறுக்கின. குளிர் உச்சத்தில் இருந்த காலம் அது. பல தலைமுறைகள் வளர்த்த மரங்களிற் பெரும்பாலானவை அந்தக் குளிருக்கே பலியாயின. 1953-இல் அம்மாளிகை மீண்டும் திறக்கப்பட்டது. ஒரே ஒரு குளிர்காலம் கவனிக்க ஆளும் கரியும் இல்லாமற்போனால், நூற்றாண்டுகளின் பிரயாசை வீணாகிவிடும் என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டாம்.

இன்று டொராண்டோவிலும் லண்டனிலும் ஆஸ்லோவிலும் குடியேறிய நம்மவர் பலர், கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் ஜன்னலோரத்திலும் கோடையில் வாசற்படியிலுமாக வளர்த்துவருகிறார்கள். வெர்சாய்த் தோட்டக்காரர்கள் செய்ததை அவர்களும் தங்கள் அளவில் செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: பனையானாலும் கறிவேப்பிலையானாலும், உங்கள் ஊரில் கடைசி உறைபனி என்று விழுகிறது என்பதை அங்கே நெடுங்காலம் தோட்டமிட்ட அயலாரிடம் கேட்டறிந்து, அது கடந்த பின்பே தொட்டியை வெளியே வையுங்கள். முதல் இரண்டு வாரம் நிழலில் இருக்கட்டும். இலையுதிர்காலத்தில் இரவுக்குளிர் பத்து டிகிரியை நெருங்கும்போதே, பூச்சி இருக்கிறதா என்று இலையின் அடிப்புறத்தைப் பார்த்துத் துடைத்துவிட்டு, தொட்டியை உள்ளே எடுத்துவிடுங்கள்.