அறத்தொடு நிலையும் குடும்ப அணுக்கமும்

மக்களைப் பெற்று வளர்க்கும் இன்பத்தைப் பாடுவதில் தமிழ் இலக்கியம் எந்நாளும் சலித்ததில்லை. ஆயினும் அவ்வின்பம் எந்த வயதுக் குழந்தையைக் குறித்துப் பாடப்படுகிறது என்று கூர்ந்து நோக்குவோர்க்கு ஒரு விசித்திரம் புலனாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மேல் பாடியதில் தொடங்கி வளர்ந்துவந்த பிள்ளைத்தமிழ், காப்பு முதலாகச் சிறுதேர் ஈறாகப் பத்துப் பருவங்களை வகுத்துக்கொண்டு, மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள்வரை குழந்தையின் ஒவ்வோர் அசைவையும் சீராட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமோ, மழலையையும் மெய் தீண்டலையும் சிறு கை துழாவிய உணவையும் சொல்லி முடித்த மாத்திரத்தில், மகனை அவையில் முந்தியிருக்கச் செய்யும் தந்தையின் கடமைக்குத் தாவுகிறது. மடியில் கிடந்த மதலைக்கும் அவையில் அமர்ந்த சான்றோனுக்கும் இடையே கிடக்கும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெற்றோர்க்கும் மக்களுக்கும் நிலவிய அணுக்கம் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர்க்கு இவ்விரு வாயில்களும் அடைபட்டே இருக்கின்றன.

இம்மௌனத்தைக் கண்டு, வளரிளம் பருவம் என்பதையே நம் முன்னோர் அறிந்திலர் என்றும், அது மேனாட்டு மனோதத்துவம் கண்டுபிடித்துத் தந்த வஸ்து என்றும் கருதுவாரும் உளர். ஸ்டான்லி ஹால் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அப்பருவத்தைப் புயலும் கொந்தளிப்புமான காலம் என்று வருணித்து இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டது 1904ஆம் ஆண்டில்தான் என்பது மெய்யே. ஆனால் அப்பருவத்துப் பிள்ளைக்கும் வீட்டார்க்கும் இடையே மூளும் சங்கடத்தையே பொருளாகக் கொண்டு தமிழர் இலக்கணம் வகுத்து வைத்திருக்கின்றனர்; அதனை நாம் குழந்தை வளர்ப்பைப் பற்றிய நூல்களில் தேடுகிறோமாதலால் காணாது போகிறோம். அஃது இருப்பது அகப்பொருளில். அறத்தொடு நிற்றல் என்று பெயர் பெற்ற துறையைக் காதற் செய்தியாகவே படித்துப் பழகிய நாம், ஒரு பெண்ணின் அந்தரங்கம் ஒரு குடும்பத்துக்குள் எவ்வழியாக, யார் யார் வாயிலாக, எந்த வேகத்தில் பயணம் செய்தால் அவளுக்கும் வீட்டுக்கும் சேதம் நேராது என்பதைப் பற்றிய சாஸ்திரமாகவும் அதனைப் படிக்கலாம் என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

அத்துறையின் அமைப்பு யாவரும் அறிந்ததே. தலைவி தன் களவைத் தோழிக்கு உணர்த்துவாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உரைப்பர். தந்தையும் தமையன்மாரும் வெளிப்படையான சொல்லால் அன்றிக் குறிப்பினாலேயே உணர்வர் என்பது தொல்காப்பியம் விதித்த முறை. இவ்வரிசையை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்குமுன், அதே நூல் சொல்லும் மற்றொரு செய்தியையும் இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும்: தோழி என்பவள் செவிலியின் மகள். எனவே தலைவி தன் வயதொத்தவளிடம் பேசுகிறாள். அவளோ தன்னைப் பெற்ற தாயிடம், ஆனால் தன்னைப் பற்றியதன்றி வேறொருத்தியைப் பற்றிய செய்தியைப் பேசுகிறாள். செவிலி தனக்கு நெருங்கிய நற்றாயிடம் பேசுகிறாள். ஒவ்வொருத்தியும் தனக்கு எளிதாக நா எழக்கூடிய இடத்திலேயே வாய் திறக்கிறாள் என்பதையும், எவளும் தன் குற்றத்தைத் தானே தன் தாயின் முகத்துக்கு நேரே நின்று சொல்லுமாறு நிர்ப்பந்திக்கப்படவில்லை என்பதையும் நோக்கும்போது, இவ்வரிசையை அமைத்தவர்கள் மனித சுபாவத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தவர்கள் என்று வியக்கத் தோன்றுகிறது. தந்தையின் நிலை இன்னும் சுவையானது. அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ள வேண்டுவதில்லை. ஆகவே கோபிக்கவேண்டிய கடமையும் அவருக்கு இல்லாமற் போகிறது.

சொல்லும் முறைக்கும் இலக்கணம் உண்டு. எளித்தல், ஏத்தல், வேட்கை உரைத்தல், கூறுதல் உசாதல், ஏதீடு, தலைப்பாடு, உண்மை செப்பல் என எழுவகையாக அறத்தொடு நிற்றலைத் தொல்காப்பியம் பகுக்கிறது. தலைவன் நம்பால் எளியன் என்றல், அவன் பெருமையை எடுத்துரைத்தல், அவன் விருப்பத்தைத் தெரிவித்தல், செய்வதென்ன என்று பிறரை உசாவுதல், யானையிடமிருந்து காத்தான் என்பது போலும் ஒரு காரணத்தை இட்டுரைத்தல், தற்செயலாக எதிர்ப்பட்டான் எனல் ஆகிய ஆறும் சென்ற பின்னரே, உள்ளதை உள்ளபடி உரைக்கும் ஏழாவது வகை வந்து நிற்கிறது. ஆசிரியர் இதனை ஒரு தரவரிசையாகக் கருதி அமைத்தார் என்று நான் வாதிடவில்லை; ஆயினும் ‘மறைக்காமல் சொல், நான் ஒன்றும் செய்யமாட்டேன்’ என்று தொடங்கும் நம் இக்கால விசாரணைகள் அந்த ஏழாவதை ஒன்றையே அறியும் என்பதும், அதனையும் முதற் கேள்வியிலேயே எதிர்பார்க்கும் என்பதும் சிந்திக்கத் தக்கன.

இம்முறை தவறினால் என்ன நேரும் என்பதையும் அகநூல்கள் மறைக்கவில்லை. மகளின் மேனி மெலிவு கண்ட தாய் அதனை நோயென்று பிழைபட உணர்ந்து, கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்பதும், வேலனைக் கொண்டு வெறியாடுவிப்பதும், பின்னர் ஐயம் முற்றி அவளை இல்லின்கண் செறிப்பதும் வரிசையாகப் பாடப்படுகின்றன. பிள்ளையின் மாறுதலுக்குக் காரணத்தைப் பிள்ளையை அறிந்தவரிடம் கேளாமல் நிபுணரிடம் கேட்கும் வழக்கம் இன்று தோன்றியதன்று. காவல் மிகுந்த வீட்டில் களவு ஒழிந்துவிடவில்லை. அஃது உடன்போக்காக முடிகிறது. மகள் சென்ற வழியே சுரத்தில் தேடிச் செல்லும் செவிலிக்கு எதிர்ப்படும் முக்கோற் பகவர், மலையில் பிறந்த சந்தனத்தால் மலைக்கு யாது பயன் என்பதுபோலக் கேட்டு அவளைத் தேற்றியனுப்பும் கலித்தொகைக் காட்சி நாம் அறிந்ததே. தேடிச் செல்பவள் செவிலி. மனையில் மகளின் பந்தையும் பாவையையும் பார்த்துப் புலம்பி நிற்பவள் நற்றாய்.

காவலினும் சொல்லே வலிது என்னும் இக்கருத்துக்கு எதிர்பாராத ஒரு திசையிலிருந்து ஆதரவு கிடைத்திருக்கிறது. ஸ்வீடன் நாட்டில் பதினான்கு வயதுச் சிறுவர் சிறுமியரையும் அவர்தம் பெற்றோரையும் ஆராய்ந்த ஹோகான் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, பிள்ளைகளின் போக்குவரவைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அவர்கள் கண்காணித்தோ கேள்வி கேட்டோ பெற்றதன்று என்றும், பிள்ளைகள் தாமே விரும்பிச் சொன்னதால் வந்தது என்றும் நிறுவியது. பெற்றோரின் கண்காணிப்பு என்று அதுவரை ஆராய்ச்சியாளர் அளந்துகொண்டிருந்தது உண்மையில் பிள்ளையின் விருப்பமே என்பது அதன் சாரம். அக்கட்டுரையாளர் தலைவியையும் செவிலியையும் கேள்வியுற்றிருக்க நியாயமில்லை.

இனி, இடைநிற்போரை வைத்து அன்பைக் கடத்தும் இவ்வழக்கம் செய்யுளோடு ஒழிந்ததா என்பது கேள்வி. பெண் பூப்பெய்தியபோது பச்சை ஓலை கொண்டு குடிசை கட்டுபவரும், சீர் வரிசையோடு வந்து முன் நிற்பவரும் தாய்மாமன் என்பதை நினைவு கூர்வோம். பெற்றோர் கையிலிருந்து பிள்ளை நழுவத் தொடங்கும் அந்த வாயிலிலேதான் குடும்பம் மற்றொரு மனிதரைச் சபையறிய அழைத்து நிறுத்துகிறது. மார்கரெட் டிராவிக் என்னும் அமெரிக்க மானிடவியலார், தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து கண்டதை 1990இல் நூலாக வெளியிட்டபோது, அன்பு என்னும் சொல்லை ஆராய்ந்து, அடக்கமும் பழக்கமும் அதன் அங்கங்கள் என்று எடுத்துக்காட்டினார். தாய் தன் குழந்தையைக் கண்குளிரப் பார்ப்பதையே கண்ணேறு என்று அஞ்சித் தவிர்க்கும் வீட்டில், வாத்ஸல்யம் இல்லை என்று கொள்வது பேதைமை; அது பாட்டியின் கையாலும் சித்தியின் வாயாலும் சுற்றி வந்து சேர்கிறது.

இன்றைய நகரத்து வீட்டில் அச்சுற்று அறுபட்டுவிட்டது. இரண்டு அறைகள், தாய், தந்தை, ஒரு பிள்ளை. நான்கு படிகளாக இருந்த வழி ஒரே படியாகக் குறுகி, இரவு பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து திரும்பும் தகப்பனார் ‘ஏன் ஒரு மாதிரி இருக்கே?’ என்று கேட்க, ‘ஒண்ணுமில்லப்பா’ என்னும் விடையோடு கதவு சாத்தப்படுகிறது. அந்த ‘ஒண்ணுமில்லை’யைக் கேட்டு மனம் நொந்த பெற்றோர்க்கு, ‘தோளுக்கு மிஞ்சினால் தோழன்’ என்னும் பழமொழியை எடுத்துக்காட்டி, பிள்ளையின் நண்பராகிவிடுமாறு உபதேசிப்பது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. பழமொழியின் கருத்து அஃதன்று என்பது என் அபிப்பிராயம். தோளுக்கு மிஞ்சியவனை அடியாதே, அதட்டாதே, வீட்டுக் காரியத்தில் அவன் சொல்லையும் கேள் என்று அது பெற்றோரின் நடத்தையைத் திருத்துகிறதேயன்றி, அவன் நெஞ்சில் உள்ளதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையை அவர்களுக்கு வழங்கவில்லை. தண்டிக்கும் அதிகாரமும் பள்ளிக் கட்டணம் செலுத்தும் கையும் உடைய ஒருவர் தோழியின் இடத்தையும் தாமே பிடித்துக்கொள்வாராயின், பிள்ளைக்குச் சொல்ல இடம் ஒன்று கூடுவதில்லை. இருந்த ஓரிடமும் போய்விடுகிறது.

இதற்கு எழும் ஆட்சேபங்கள் இலேசானவை அல்ல. செவிலியும் தோழியும் செல்வ மனைக்கே உரியவர். தினைக்காவலுக்கு விளையாட்டாகச் செல்லும் மகளிரையன்றிக் கூலிக்குச் செல்லும் மகளிரை அவ்விலக்கணம் கருதிற்றில்லை. தாய்மாமனின் அன்பும் தன்னலம் கலவாததன்று. முறைப்பெண் என்னும் உரிமை அதற்குள் ஒளிந்திருந்து எத்தனையோ பெண்களின் படிப்பை நிறுத்தியிருக்கிறது. இடைநிற்போர் என்போர் புறங்கூறுவோராகவும் ஆகலாம். எல்லாவற்றினும் கொடியது, நம்பி ஒப்படைத்த அந்த மூன்றாம் மனிதரே குழந்தைக்குத் தீங்கு இழைப்பது. அங்கே குறிப்பும் இல்லை, ஏதீடும் இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் உடனே அறிவித்தல் வேண்டும் என்று கட்டளையிடுவது முற்றிலும் பொருந்தும். இவ்வாட்சேபங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் இவை இடைநிற்போரைத் தேர்ந்தெடுப்பதில் வேண்டும் விழிப்பைக் காட்டுகின்றனவேயன்றி, இடைநிற்போரே வேண்டாம் என்பதற்குப் பிரமாணம் ஆகமாட்டா. ஒருவரை மட்டும் நம்பியிருந்த பிள்ளைக்கு, அந்த ஒருவர் தீயவராயின் போக்கிடம் ஏது?

செவிலியரை மீண்டும் வேலைக்கு அமர்த்துவோம் என்று எவரும் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில், பதினாறு வயது மகன் கணிதத்தில் தவறியதை முதலில் தன் அத்தையிடம் சொல்லியிருந்தான். மூன்று நாள் கழித்து அச்செய்தியை அறிந்த தாய், மதிப்பெண்ணுக்காக அன்று, தன்னிடம் முதலில் சொல்லவில்லையே என்பதற்காக அழுதார். அவர் கண்ணீரை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும் அந்தப் பிள்ளை வீட்டை விட்டு விலகிவிட்டான் என்று அவர் நினைத்தது பிழை. வீட்டை நோக்கி அவன் வந்துகொண்டிருந்தான், ஒரு படி சுற்றி. முதலில் அறியும் உரிமையைப் பிறர்க்கு விட்டுக்கொடுப்பது பெற்றோர்க்கு எவ்வளவு அரிது என்பதை அன்றுதான் கண்டேன்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு, அறத்தொடு நிற்றல் ஒன்றனையே பொருளாகக் கொண்ட 261 அடிகளால் ஆகியது. முழுவதும் தோழியின் பேச்சு. தலைவியின் துயரைத் தொட்டுவிட்டு, தலைவன் வந்து எதிர்ப்பட்ட கதைக்குப் போகுமுன், அருவியாடியதையும் பாறைமேல் குவித்த தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களையும் ஒன்று விடாமல் அடுக்குகிறாள்; நம்மில் எத்தனை பேர் நான்காவது பூவில் ‘விஷயத்துக்கு வா’ என்று சொல்லாதிருப்போம் என்பதை அவரவரே அறிவர். பிறகு நாய்கள் வளைத்ததும், களிறு வந்ததும், அவன் கைப்பற்றியதும், இரவில் அவன் கடந்துவரும் மலைவழியின் கொடுமைகளும் சொல்லப்பட்டு, அவ்வழியை எண்ணித் தலைவி கலங்கும் கலக்கத்தோடு பாட்டு முடிகிறது. கேட்டுக்கொண்டிருந்த செவிலி இடையில் ஒரு சொல்லும் பேசவில்லை. இறுதியில் என்ன மறுமொழி சொன்னாள் என்பதும் பாட்டில் இல்லை.