மேற்கோளும் இணைப்பும்

பண்டை உரையாசிரியர் மேற்கோள் காட்டுங்கால், பாடலடியை மட்டும் தந்து நூற்பெயரைக் கூறாது செல்லுதல் பெருவழக்கு. நூல்களை நெட்டுருச் செய்திருந்த மாணாக்கர்க்கு அதுவே போதியதாயிற்று. அந்நூல்கள் பயிற்சியினின்று மறைந்தபின், அம்மேற்கோள்கள் ஊர்ப்பெயர் அழிந்த கைகாட்டிகளாயின. சீவகசிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையிற் கண்ட மேற்கோள்கள் பலவற்றின் இடம் அறியாது இடர்ப்பட்டார். அவற்றைச் சங்க நூல் ஏடுகளிற் கண்டபோதுதான் வழி திறந்தது. 1894-இல் அவர் புறநானூற்றையும் அச்சேற்றினார். இன்று ‘புறம். 192’ என்று எழுதின், எப்பதிப்பை வைத்திருப்போரும் அப்பாட்டை அடைவர். அவர் தொகுத்த ஏடுகளைச் சென்னையின் தென்பகுதியாகிய பெசன்ட் நகரில், அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்திற் காணலாம்.

வலைப்பக்கத்து இணைப்பும் மேற்கோளின் இனத்ததே. 1989-இல் ஜெனீவா நகர்க்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுநிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முன்மொழிந்த வலையமைப்பிற்கு அஃது உயிர்நிலை. அதன் உறுப்புக்கள் இரண்டு: கண்ணுக்குப் புலனாகும் சொல் ஒன்று, உள்ளே மறைந்து நிற்கும் முகவரி மற்றொன்று. தொடக்கநிலை மாணவர், ‘ஏ’ என்னும் ஓரெழுத்துக் குறியைத் திறந்து, அதனுள் ‘எச்ரெஃப்’ என்னும் பண்பிற்கு முகவரியை அளித்து, அடுத்துச் சொல்லை எழுதி, சாய்கோட்டோடு கூடிய அவ்வெழுத்தாலேயே முடித்தல் வேண்டும். நெடிய பக்கத்தில் ஒரு பாட்டை மட்டும் சுட்டுவதற்கு, அப்பாட்டிற்கு ‘ஐடி’ எனும் பண்பால் பெயரிட்டு, முகவரியின் இறுதியில் ‘ஹாஷ்’ குறியை அடுத்து அப்பெயரைச் சேர்ப்பர். புலனாகும் சொல் ‘இங்கே காண்க’ என்று வாளா நிற்றல் குற்றம்; ‘புறநானூறு 192’ எனச் செல்லுமிடத்தைக் கூறுதலே முறை.

எனினும், முகவரி நிலையாமையுடையது. ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. பழைய முகவரி கொண்டு தேடுவோன் ஆங்குக் கல்லூரியைக் காணான். பெயர் கொண்டு வினவுவோன் தாம்பரத்தை அடைவான். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் இதற்கு நல்ல சான்று. அதன் நூல்கள் திஸ்கிக் குறியேற்றத்திலும் பின்னர் யூனிக்கோடிலும் வெளிவந்தன. கோப்புக்களின் பெயர்களும் மாறின. ஆயினும், திருக்குறளை முதலாகக் கொண்டு நூல்களுக்கு அளித்த வரிசையெண் மாறவில்லை. எண்ணை அறிந்தவர் நூலை இழப்பதில்லை.

ஆதலின், ஆய்வேட்டில் வெறும் முகவரியை மட்டும் தருதல், நூற்பெயர் கூறாத பழைய வழக்கினும் தீது. பழைய உரையிற் பாடலடியாவது எஞ்சியது. முறிந்த இணைப்பில் அதுவும் எஞ்சாது. நூற்பெயர், பாட்டெண், பதிப்பு, கண்ட நாள் ஆகியவற்றை முகவரியோடு சேர்த்து எழுதுக. சாமிநாதையர் பட்ட இடரை நமக்குப்பின் வரும் ஆய்வாளர்க்கு மீண்டும் வைத்துச் செல்லுதல் நமக்கு அழகன்று.