கீமோ முடிஞ்சதும் நடக்கலாமா?

கீமோதெரபி முடிந்து வீடு திரும்புபவரிடம், 'அசையாம படுத்திரு' என்றுதான் சொல்வோம். ஆனால், பெருங்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை, நடக்கச் சொல்வதுதான் நல்லது.

அறுவைசிகிச்சையும் கீமோவும் முடிந்த 889 பேரிடம் நடந்த 'சேலஞ்ச்' ஆய்வின் முடிவு 2025-ல் வெளியானது. பயிற்சியாளர் துணையோடு 3 ஆண்டுகள் உடற்பயிற்சி செய்தவர்களில், 8 ஆண்டு முடிவில் 90 சதவிகிதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஆலோசனைக் கையேடு மட்டும் வாங்கியவர்களில் 83 சதவிகிதம்தான். புற்றுநோய் திரும்ப வருவதும் குறைந்தது.

பெரிய ஜிம்மெல்லாம் வேண்டாம். வாரத்துக்கு 3, 4 நாள் முக்கால் மணி நேரம் வேகமா நடந்தாலே போதும். டாக்டர்கிட்ட கேட்டுட்டு, 10 நிமிஷத்துல ஆரம்பிச்சு மெதுவா கூட்டுங்க. சிகிச்சைக்கு நடை மாற்று இல்லை, துணை. வீட்டில் ஒருவர் கூடவே நடந்தால் இன்னும் நல்லது!