முதுமைக்குத் திறந்த கதவு

நம் இருதயத்தில் நான்கு கதவுகள் உண்டு. குருதியை ஒரு திசையில் செல்லவிட்டு, அது திரும்பி வாராதபடி அடைத்துக்கொள்வதே அவற்றின் தொழில். அவற்றை வால்வு என்பர். முதுமையில் சிலருக்குப் பெருந்தமனியின் வாயிலிலுள்ள வால்வில் சுண்ணம் படிந்து, மெல்லிய இதழ்கள் கல்போல் இறுகிவிடும். சிறிது நடந்தாலும் மூச்சு முட்டும், மார்பு வலிக்கும், மயக்கம் வரும். "வயதானால் அப்படித்தான்" என்று வீட்டார் சொல்லிவிடுவர். அச்சொல் எத்துணைப் பிழையானது என்பதை இச்சிகிச்சையின் வரலாறு காட்டுகிறது.

1958ஆம் ஆண்டு, அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில், ஆல்பர்ட் ஸ்டார் என்னும் இளம் அறுவை மருத்துவரைத் தேடி லோவெல் எட்வர்ட்ஸ் என்பவர் வந்தார். ஓய்வு பெற்ற பொறியியலாளர், வயது 60. செயற்கை இருதயம் ஒன்றைச் செய்யவேண்டுமென்பது அவரது அவா. முதலில் ஒரு வால்வு செய்வோம் என்றார் ஸ்டார். கூண்டுக்குள் அசையும் சிறு உருண்டை வழியைத் திறந்து மூடும் வண்ணம் இருவரும் ஒன்றை உருவாக்கினர். 1960 ஆகஸ்டில் அதைப் பெற்ற முதல் நோயாளி அன்றே இறந்தார். அவர்கள் தளரவில்லை. செப்டம்பரில் 52 வயதான ஒருவருக்கு, இருதயத்தின் இடப்புற ஈரிதழ் வால்வுக்குப் பதிலாக அதைப் பொருத்தினர். அவர் சுமார் பத்தாண்டு உயிர் வாழ்ந்தார். அதே ஆண்டு மார்ச்சில், பாஸ்டன் நகரில் டுவைட் ஹார்க்கன் பெருந்தமனி வால்வையே மாற்றியிருந்தார்.

ஆயினும் மார்பைப் பிளந்து, இருதயத்தை நிறுத்தி, இயந்திரத்தால் குருதியோட்டத்தை நடத்தவேண்டும். தளர்ந்த முதியோர் பலர் இதைத் தாங்கமாட்டாரென்று திருப்பி அனுப்பப்பட்டனர்.

அவர்களை எண்ணியவர் பிரான்சு நாட்டின் ரூவான் நகர மருத்துவர் அலன் கிரிபியே. 1985இல் 72 வயது மூதாட்டி ஒருவரின் வால்வைக் குருதிக்குழாய் வழியே செலுத்திய பலூனால் விரித்தார். ஆனால் இவ்வாறு விரித்த வால்வுகள் சில மாதங்களில் மீண்டும் இறுகின. ஆகவே கம்பிவலைக்குள் மடித்த புதிய வால்வையே அவ்வழியே செலுத்த முனைந்தார். நடவாத காரியமென்று வல்லுநர் பலர் ஒதுக்கினர். 2002 ஏப்ரல் 16ஆம் நாள், அறுவைக்குத் தகார் என்று கைவிடப்பட்ட 57 வயதினர் ஒருவருக்கு அதைப் பொருத்தினார். நோயாளி சில மாதங்களே வாழ்ந்தார்; வால்வோ செவ்வனே இயங்கிற்று.

2010இல் வெளியான ஆய்வொன்று, அறுவைக்கு இயலாத 358 பேரைப் பற்றியது; சராசரி வயது 83. வழக்கமான சிகிச்சை பெற்றவருள் ஓராண்டில் பாதிப்பேர் இறந்தனர். புதிய வால்வு பெற்றவருள் பத்தில் மூவரே இறந்தனர். பக்கவாதம் இவர்களிடையே மிகுதியாயிருந்தது என்பதையும் மறைக்கலாகாது.

ஆகவே எல்லா முதியோர்க்கும் இது ஏற்றதென்று சொல்வதற்கில்லை. அதைச் சோதித்தறிந்து சொல்லவேண்டியவர் மருத்துவர். பிறந்த ஆண்டைக் கணக்கிட்டு நாமே தீர்ப்பளிக்கலாகாது. வீட்டுப் பெரியவர் படியேற மூச்சு வாங்கினால், வயதின்மேல் பழிபோடாமல் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அந்த முதல் வால்வைச் செய்ய முனைந்தவரும் அறுபது வயதினரே அல்லரோ?