தாயுமான அடிகளும் சும்மா இருக்கும் நெறியும்

கடவுள் என்னும் தமிழ்ச்சொல், எல்லாவற்றையுங் கடந்து நிற்பவன் என்னும் பொருளையும் எல்லாவற்றினுள்ளும் நிற்பவன் என்னும் பொருளையும் ஒருங்கே தருவதெனச் சான்றோர் உரைப்பர். கடந்து நிற்றலை மட்டுங் கொள்ளின் அவன் உயிர்க்கு எட்டாதவனாவன். உள்நிற்றலை மட்டுங் கொள்ளின் உலகமே அவனென முடியும். இரண்டனையும் ஒருசேரப் பற்றி நிற்றல் அரிது. அவ்வருமையைத் தம் வாழ்விலும் பாட்டிலும் காட்டினவர் தாயுமான அடிகள். அவர் பாடல்களை ஓதி உருகுவார் பலர். ஆயின் அவற்றின் உட்கிடை யாதெனத் துணியப் புகுங்கால், ஒருசாரார் அவரை ஏகான்மவாதி என்பர். மற்றொருசாரார் திருக்கோயில் வழிபாட்டைக் கைவிட்டவர் என்பர். இவ்விரு கூற்றும் அடிகள் வரலாற்றோடும் வாக்கோடும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

அடிகள் தந்தையார் திருமறைக்காட்டுச் சைவ வேளாளர் கேடிலியப்ப பிள்ளை. தாயார் கசவல்லி அம்மையார். கேடிலியப்பர் தம் மூத்த மகன் சிவசிதம்பரத்தைத் தமையனார்க்கு மகவாகக் கொடுத்தனர். பின்னர்த் திரிசிராப்பள்ளியில் நாயக்க அரசின் பெரும்பணியில் அமர்ந்திருந்த காலத்துப் பிறந்த மைந்தற்கு, மலைமேல் எழுந்தருளிய தாயுமானவர் திருப்பெயரையே இட்டனர். பெற்ற தாய் வாராத வேளையிற் பேறுகால உதவிக்குத் தாயாகி வந்த பெருமான் பெயர் அது. தந்தைக்குப்பின் மைந்தர் அப்பணியை ஏற்று விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் அலுவல் பார்த்தனர். அவ்வரசர் ஆண்டது 1706 முதல் 1732 வரை. ஆகவே அடிகள் காலம் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதி எனப் பெரும்பாலோர் கொள்வர். தமிழும் வடமொழியும் கற்ற அரசியல் அலுவலர் அவர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். ஓலையுங் கணக்குமாக உலகியலின் நடுவே நின்றவர்க்கே குருவின் சொல் வாய்த்தது.

அரசர் மறைந்தபின் ஆட்சி அரசி மீனாட்சியின் கைக்கு வந்தது. அவ்வரசி அடிகள்மேற் காதல் கொண்டனள் எனவும், அதற்கஞ்சி அவர் இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கினர் எனவும் ஒரு கதை வழங்குகின்றது. கேட்போர்க்குச் சுவை தருவது ஒன்றே அக்கதைக்குரிய வலிமை. அடிகள் தம் மனத்தின் குற்றங்களை ஒன்றும் மறையாது பாடினவர்; அத்துணைப் பாடல்களுள்ளும் இந்நிகழ்ச்சிக்கு வெளிப்படையான குறிப்பொன்றும் இல்லை. அரசியின் நிலையையும் நோக்குக. பங்காரு திருமலையின் உரிமைப்போர் ஒருபுறம், சந்தாசாகிபின் படை மறுபுறமாக இருந்த நாட்கள் அவை. சந்தாசாகிபின் சூழ்ச்சியால் அரசிழந்து நஞ்சுண்டு மாய்ந்தாள் அவ்வேழை அரசி. 1741இல் திரிசிராப்பள்ளி மராட்டியர் கைப்பட்டது. அத்தகையாள்மேற் பழி சுமத்தித்தான் ஒரு ஞானியின் துறவுக்குக் காரணங் காட்டல் வேண்டும் என்பதில்லை.

காரணம் வேறு, அதனை அடிகளே பல்கால் எடுத்தோதுகின்றனர். திருமூலர் மரபில் வந்த மௌனகுரு அவர்க்கு அருளியது ஒரு சொல். சும்மா இரு என்பதே அது. அக்குரு மரபின் நினைவாக மலைக்கோட்டையில் மௌனமடம் உளது. அது தருமபுர ஆதீனத்தைச் சார்ந்தது. குரு உடனே துறவளித்தாரல்லர். இல்லறத்தில் நின்று பின் வருமாறு பணித்தனர் என்ப. அவ்வாறே அடிகள் மட்டுவார்குழலி அம்மையாரை மணந்து கனகசபாபதி என்னும் மகனைப் பெற்று, மனைவியார் மறைந்தபின்னரே முற்றத் துறந்தனர். ஆகலின் உலகை வெறுத்தோடியவர் என அவரைக் கூறுதல் சாலாது.

திரிசிராப்பள்ளியினின்று தெற்கே செல்லுங்கால் அடிகள் விராலிமலையில் தங்கிச் சித்தர்களோடு அளவளாவினர் என்பது வழிவழி வருஞ் செய்தி. விராலிமலையும் கந்தர்வக்கோட்டையும் திருவரங்குளமும் அடங்கிய இப்புதுக்கோட்டைச் சீமை, காவிரியின் வளத்துக்கும் சேதுநாட்டின் வறட்சிக்கும் இடைப்பட்ட காட்டுநிலம். அந்நூற்றாண்டில் மௌனம் இங்கே மற்றொரு வடிவிலும் உலவியது. 1738ஆம் ஆண்டளவில் திருவரங்குளக் காட்டிற் சதாசிவப் பிரமேந்திரரைக் கண்டு பணிந்த தொண்டைமான் விசயரகுநாதராயர்க்கு, அவர் வாய்திறவாது மணலில் எழுதி உபதேசித்தனர் என்றும், அம்மணலை அரசர் அரண்மனைக்குக் கொணர்ந்து பூசித்தனர் என்றும் புதுக்கோட்டை அரசமரபு போற்றி வருகின்றது. பிரமேந்திரர் வடமொழியில் ஆன்மவித்தியாவிலாசம் இயற்றிய கேவலாத்துவிதி. அடிகளோ தமிழிற் பாடிய சைவர். வாய்மூடி இருத்தல் இருவர்க்கும் ஒப்பத் தோன்றினும், மோனத்தின் உட்பொருள் இருவர்க்கும் ஒன்றன்று.

ஈண்டு ஓர் ஐயம் எழும். சும்மா இருக்கப் பணிக்கப்பட்டவர் ஐம்பத்தாறு தலைப்பில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட பாடல்கள் பாடியது எங்ஙனம்? பராபரக் கண்ணி ஒன்றே 389 கண்ணிகள் உடையது. விடை அப்பாடல்களிலேயே உளது. அவற்றுட் பெரும்பகுதி சும்மா இருக்க இயலாமையின் முறையீடு. மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலிகளின் வாயைக் கட்டலாம், நீர்மேல் நடக்கலாம், மனத்தை அடக்கிச் சும்மா இருத்தலோ அரிதினும் அரிது எனத் தேசோமயானந்தத்தில் அவர் கூறுவது அவையடக்கமன்று, உற்றதுரைத்தல். எய்தியதை முழக்கும் பாட்டுக்கள் உலகிற் பல. எய்தாமையை இத்துணை நேர்மையோடு பாடினார் சிலரே.

இனி, வழிபாட்டை இகழ்ந்தார் என்பதற்கு எடுத்துக்காட்டப்படுவது கருணாகரக் கடவுளில் வரும் பாட்டு. பூசைக்கு மலர் கொய்யப் புகுங்கால் அம்மலரினுள்ளும் இறைவனே இருத்தலைக் கண்டு கொய்ய மனம் வாராமையை அடிகள் அதிற் கூறுவர். அது மலரில் அவனைக் கண்டவன் கை நடுங்கும் நிலை. மலரிட்டு வழிபடுவாரை நோக்கிய ஏச்சன்று. சரியை கிரியை யோக ஞானங்களை அரும்பு மலர் காய் கனி எனக் கூறியவரும் அவரே. அரும்பைக் கிள்ளியெறிந்தவன் கனி பெறுதல் யாங்ஙனம்? சிதம்பர ரகசியமும், ஆனைக்கா அம்மையைப் பாடிய அகிலாண்டநாயகியும் தலங்களை நினைந்து கசிந்தெழுந்த பாக்களே.

இயற்கையினுட் கடந்த பொருளைக் காணும் இந்நோக்கு மேல்நாட்டிலும் பின்னொரு காலத்து எழுந்தது. அமெரிக்க நாட்டு எமர்சன் 1832இல் பாஸ்டன் நகரத் திருச்சபைக் குருப்பதவியைத் துறந்து, 1836இல் இயற்கை என்னும் நூலை வெளியிட்டனர். அவர் நண்பர் தோரோ 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரைக் குடிலில் தனித்து வாழ்ந்து, அவ்வாழ்க்கையை நூலாக 1854இல் வெளியிட்டனர். இருவரும் பகவற்கீதையை வில்கின்சு என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்பிற் பயின்றவர். அதே 1854இல், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் கல்விக்கழகத்திற் பணிபுரிந்த ஹாய்சிங்டன் பாதிரியாரின் சிவஞானபோத, சிவப்பிரகாச ஆங்கில மொழிபெயர்ப்புகள் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழக இதழின் நான்காந் தொகுதியில் வெளிவந்தன. எனினும் எமர்சன் குழுவினரின் இந்திய அறிவு வடநூல் வழிப்பட்டதாகவே அமைந்தது. மலரினுள் இறைவனைக் கண்டு கை மடங்கிய தமிழ்ச் சைவர் ஒருவர் அவர்க்கு ஒரு நூற்றாண்டு முன்னரே இருந்தமையை அவர்கள் அறிந்திருப்பின் வியந்திருப்பர்.

ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் பொருந்தாது. எமர்சன் வற்புறுத்தியது தன்னை நம்புதல். உயிர் தன் உள்ளுணர்வாலேயே மெய்யை எட்டும் என்பது அவர் துணிபு. அடிகளோ நம்பத்தகாதது தன்னையே என்பர். தற்போதம் இருக்குமட்டும் மோனமும் ஒரு முயற்சியே. அருள் முற்படாது அது கைகூடாது. ஆணவமலத்தை ஒப்பும் சித்தாந்திக்கே இக்கூற்று இயலும். மலமே இல்லையென்பார்க்கு இம்முறையீட்டுக்கு இடமில்லை. அருளை நோக்கி இரவும் பகலும் இரந்து நிற்கும் உயிர் ஒன்று அப்பாக்களில் யாண்டும் உளது. இரப்பானும் ஈவானும் ஒருவனேயாயின் அவ்விரத்தல் கூத்தாய் முடியும்.

சித்தர் கணத்தில் வேதாந்த சித்தாந்த சமரசம் கூறியமை கொண்டு அடிகளைக் கேவலாத்துவிதி என்பார், எந்நாட்கண்ணியின் குருமரபு வணக்கத்தை நோக்கினாரல்லர். சமயகுரவர் நால்வரையும் மெய்கண்டார் முதலிய சந்தான குரவரையும் அவர் அங்கே வணங்குகின்றனர். மெய்கண்டாரை வணங்குமிடத்து அத்துவிதத்தின் மெய்யைக் கண்டவர் அவரே எனக் குறிக்கின்றனர். அத்துவிதம் என்னுஞ் சொல்லை விடாது, அதன் பொருளை மெய்கண்டார்பால் வைத்தமையே அடிகள் செய்த சமரசம். ஒன்றுமன்று இரண்டுமன்று, பிரிவின்மை என்பது அப்பொருள். சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் உயிர் இறைவனோடு ஒன்றி நின்று அவன் பணியில் நிற்றலைக் கூறும். தன்செயலற்ற அந்நிற்றலே அடிகள் கூறும் சும்மா இருத்தல். சோம்பியிருத்தற்கும் கல்லாய்ச் சமைதற்கும் அதனோடு தொடர்பில்லை. பின்னாளில் இராமலிங்க வள்ளலார் விரித்த சமரசத்துக்கும் இதற்கும் உள்ள உறவு தனியே ஆராய்தற்குரியது.

துறவு பூண்ட அடிகள் இறுதியிற் சேதுநாட்டையடைந்து, இராமநாதபுரத்து இலட்சுமிபுரத்தில் நிட்டை கூடினர். மாணவர் அருளையர் உடனிருந்தனர். சமாதியுள்ள அவ்விடத்தில் தை விசாகத்துக் குருபூசை நிகழ்ந்து வருகின்றது.