1997ஆம் ஆண்டின் ஒரு விதி: மூன்றாந்தரப்புக் குக்கீயின் வரலாறு

இணைய உலகம் தோன்றிய தொடக்க ஆண்டுகளில், அதனை இயக்கிய நெறிமுறைக்கு ஞாபகம் என்பது கிடையாது. வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்பார். சர்வர் அதனை அனுப்பும். அனுப்பிய கணமே கேட்டவர் யார் என்பதை மறந்துவிடும். படிப்பதற்கு இம்மறதி இடையூறாக இருக்கவில்லை. ஆயின் இணையத்தின் வழியே வாணிபம் நடத்த விரும்பியோர்க்கு, ஒருவர் தெரிந்தெடுத்த பொருளை அவர் அடுத்த பக்கத்திற்குச் செல்லும்வரையிற்கூட நினைவில் நிறுத்த இயலாமற்போனது பெருங்குறையாயிற்று. 1994ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நெட்ஸ்கேப் ஸ்தாபனத்தின் பொறியாளரான லூ மான்டுல்லி, எம்.சி.ஐ. என்னும் தொலைபேசி நிறுவனத்தார் விரும்பிய வாணிப ஏற்பாட்டை முன்னிட்டு, இக்குறையைத் தீர்க்கும் சிறு பதிவொன்றை வகுத்து, அதற்குக் குக்கீ என்று பெயரிட்டார். உலாவி ஒவ்வொன்றுக்கும் எல்லாத் தளங்களும் அறியத்தக்க ஒரே நிரந்தர எண்ணை அளித்துவிடலாம் என்னும் எளிய யோஜனையும் அப்பொழுது ஆராயப்பட்டது. அது மனிதரைத் தளந்தோறும் பின்தொடர இடங்கொடுக்கும் என்பதனாலேயே விலக்கப்பட்டது. ஒரு தளம் வைத்த குக்கீயை அத்தளம் மட்டுமே திரும்பப் பெறலாம் என்பது குக்கீயின் அடிப்படை வரையறை. அந்தரங்கத்தைக் காக்கும் எண்ணம் இக்கருவி பிறக்கும்போதே உடனிருந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

எனினும் அவ்வரையறை என்னும் வேலியில் ஒரு திறப்பு இருந்தது. ஒரு பக்கத்தில் தோன்றும் படங்கள் யாவும் அப்பக்கத்திற்குரிய சர்வரிலிருந்தே வரவேண்டும் என்ற நியதி இல்லை. வேறோர் இடத்திலிருந்து படம் வரும்போது, அவ்விடத்தாரும் தம் குக்கீயை வைக்கலாம். இதுவே மூன்றாந்தரப்புக் குக்கீ. அதே 1994ஆம் ஆண்டு அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் முதற் பதாகை விளம்பரங்கள் தோன்றின. 1996இல் தொழிலில் இறங்கிய டபிள்கிளிக், பற்பல தளங்களுக்கும் தன்னுடைய சர்வர்களிலிருந்தே விளம்பரம் வழங்கலாயிற்று. காலையில் செய்தித்தளத்தையும் மாலையில் மருத்துவத்தளத்தையும் பார்த்த ஒருவர், தாம் பெயரும் அறியாத மூன்றாமவர் ஒருவருக்கு இரண்டு இடங்களிலும் ஒரே எண்ணால் அறிமுகமானார். விலக்கப்பட்ட பொது எண் இவ்வாறு விளம்பரத்தின் வழியே மீண்டது.

1996 பிப்ரவரியில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் எழுதிய பின்னரே பொதுமக்கள் குக்கீயைப்பற்றிக் கேள்வியுற்றனர். அதற்குள் இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். என்னும் பொறியாளர் கூட்டமைப்பு இதனை ஆராயத் தொடங்கியிருந்தது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் கிரிஸ்டலும் மான்டுல்லியும் எழுதி, 1997 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 2109 என்னும் ஆவணமே இவ்வரலாற்றின் மையம் என்பது என் துணிபு. பயனர் தாமே நாடிச் செல்லாத இடத்தோடு நிகழும் தொடர்பில் உலாவி குக்கீயை ஏற்கவும் அனுப்பவும் கூடாது. இத்தடையை நீக்கிக்கொள்ளும் வசதியைப் பயனருக்கு அளிக்கலாமாயினும், அவ்வசதி தொடக்கத்தில் அணைக்கப்பட்ட நிலையிலேயே இருத்தல் வேண்டும் என்று அவ்விதி கூறிற்று. குக்கீயைத் தோற்றுவித்தவரே அதன் அபாயத்தைத் தடுக்கும் விதியிலும் ஒப்பமிட்டார் என்பது சாமானியமான செய்தியன்று.

விளம்பரத் துறையினர் இவ்விதியைக் கடுமையாக எதிர்த்தனர். ஆனால் விதியை வலுவிழக்கச் செய்தது அவர்கள் வாதமன்று. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அதனைக் கடைப்பிடியாமல் விட்டமையே. அவ்விரு நிறுவனத்தாரின் உலாவிகளிலும் மூன்றாந்தரப்புக் குக்கீ அனுமதிக்கப்பட்ட நிலையிலேயே தொடர்ந்தது. குக்கீயைத் தடுத்தால் விளம்பரதாரர் கண்ணுக்குப் புலப்படாத வேறு உபாயங்களை நாடுவர் என்றும், குக்கீயாயின் பயனர் அழித்துவிடவேனும் இயலும் என்றும் மான்டுல்லி பின்னாளில் இம்முடிவுக்குக் காரணங் கூறினார். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை; உலாவியின் எழுத்துருக்களையும் திரையளவையும் கொண்டே ஆளை அடையாளங்காணும் முறை பிற்காலத்தில் வளர்ந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும், கோடிக்கணக்கானோர் அமைப்புப் பட்டியைத் திறந்தும் பாராத நிலையில், அழிக்கும் உரிமை உண்டு என்பதனால் அவர்கள் சம்மதித்தார்கள் என்று கொள்வது நியாயமாகாது. 2000 அக்டோபரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2965 அதே விதியைத் திரும்பக் கூறியும் பயன் விளையவில்லை.

இதன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. 1999இல் டபிள்கிளிக், தபால் வழி வாணிபத்தில் குடும்பங்கள் வாங்கிய பொருள்களைப் பெயர், முகவரியுடன் தொகுத்து வைத்திருந்த அபாகஸ் டைரக்ட் நிறுவனத்தை விலைக்கு வாங்கி, பெயரற்ற குக்கீ எண்களை அப்பெயர்களோடு இணைக்க முற்பட்டது. கண்டனம் எழுந்து, அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் விசாரணை தொடங்கவே, 2000 மார்ச்சில் டபிள்கிளிக்கின் தலைவர் கெவின் ஓகானர் அத்திட்டம் தவறென்று ஒப்புக்கொண்டு நிறுத்திவைத்தார். அந்த ஸ்தாபனத்தையே 310 கோடி டாலருக்கு வாங்கும் உடன்பாட்டை 2007இல் அறிவித்த கூகுள், மறு ஆண்டில் தானே குரோம் என்னும் உலாவியையும் வெளியிட்டது. விளம்பரம் விற்பவரும் உலாவி செய்பவரும் ஒருவரேயாயினர்.

2011இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6265, மூன்றாந்தரப்புக் குக்கீயை எவ்வாறு நடத்துவது என்பதை உலாவிகளின் விருப்பத்திற்கே விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் திருத்திய சட்டத்தால் சம்மதம் கேட்கும் பட்டைகள் பெருகின, கண்காணிப்பு குறையவில்லை. உலாவிகள் தாமே தடுத்த வழியே பலித்தது: 2019இல் ஃபயர்ஃபாக்ஸ், அறியப்பட்ட கண்காணிப்பாளரின் குக்கீகளைப் பயனர் கேளாமலே தடுத்தது, 2020 மார்ச்சில் சஃபாரி மூன்றாந்தரப்புக் குக்கீகளை முற்றிலும் விலக்கியது. அதே 2020 ஜனவரியில், இரண்டாண்டுகளுக்குள் அவற்றை நீக்குவதாக வாக்களித்த கூகுள், பன்முறை தவணை கேட்டபின், 2024 ஜூலையில் அவ்வுத்தேசத்தைக் கைவிட்டது. உலகில் மிகுதியானோர் பயன்படுத்தும் குரோம் உலாவியில், ஆர்.எஃப்.சி. 2109 அணைத்து வைக்கச் சொன்ன அந்த வசதி இன்றும் திறந்தே இருக்கிறது.