குடிமுறையும் ஆசிரம முறையும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் இருவகை வழிபாட்டு ஒழுங்கு

மட்டக்களப்பு வாவி, கடலோரமாகக் கிடக்கும் எழுவான்கரையையும், உன்னிச்சைக் குளம் முதலிய நீர்நிலைகளின் பாய்ச்சலில் நெல் விளையும் படுவான்கரையையும் பிரிக்கிறது. இவ்விரு கரைகளிலும் சமய வாழ்வின் நடுவிடமாகக் கோயிலே நெடுங்காலமாக விளங்கி வர, இருபதாம் நூற்றாண்டில் ஆசிரமம் என்னும் மற்றொரு நிறுவனமும் இங்கு நிலைகொண்டது. கிறித்தவ மிசன் பள்ளிகளுக்கு மறுமொழியாகவே அது எழுந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அவ்விளக்கம் ஆசிரமம் தோன்றிய சூழலைக் காட்டுகிறதேயன்றி, அது நிலைத்ததற்கான காரணத்தைக் காட்டவில்லை. பிறந்த குடியைக் கேளாமல் எவரையும் வழிபாட்டின் உள்வட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் ஓர் ஒழுங்கை அது தந்தமையே அக்காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

குடி என்பது மட்டக்களப்புத் தமிழரிடையே தாய்வழியாகத் தொடரும் மரபுக் குழு. பிள்ளை தாயின் குடியையே சேரும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயில், மண்டூர் முருகன் கோயில் போன்ற தேசத்துக் கோயில்களில், அதாவது ஓரூருக்கு மட்டுமன்றிப் பல ஊர்களுக்கும் பொதுவான கோயில்களில், நிருவாகப் பொறுப்பாளரான வண்ணக்கரின் பதவியும் திருவிழாக் கடமைகளும் வரிசை மரியாதைகளும் குடி, சாதி, ஊர் என்பவற்றின் அடிப்படையிலேயே பகிரப்பட்டு வந்துள்ளன. வைகாசியில் நிகழும் கண்ணகியம்மன் சடங்கிலும் பூசை செய்யும் பொறுப்பு கப்புகனார், கட்டாடியார் எனப்படும் மரபுவழிப் பூசகரையே சாரும். இதனை வெறும் விலக்கல் முறையாகக் கொள்வது பிழை. கோயிலைப் பலரது கூட்டுக் கடமையாக்கித் தலைமுறைகள்தோறும் காத்தது இம்முறையே. ஆனால் ஒருவருக்குரிய இடத்தை அது பிறப்பைக் கொண்டே வகுப்பதால், பெற்றோரை இழந்த பிள்ளைக்கும், ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும், வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவருக்கும் வழிபாட்டில் தமக்கெனப் பொறுப்புள்ள ஓரிடம் கிடைப்பது அரிதாயிற்று.

இவ்விடைவெளியில்தான் கல்லடி உப்போடை இராமகிருஷ்ண மிசன் ஆசிரமம் தோன்றியது. அதன் கருத்தாவான விபுலானந்தர் 1892இல் காரைதீவில் மயில்வாகனன் என்ற பெயருடன் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறித்தவப் பள்ளிகளில் பயின்று, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானவர். 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த அவர், இராமகிருஷ்ணரின் நேர்ச்சீடரான சுவாமி சிவானந்தரிடம் 1924இல் துறவு பெற்றார். நாடு திரும்பியபின் 1929இல் உப்போடையில் அவர் நிறுவிய பள்ளிக்குச் சிவானந்த வித்தியாலயம் எனத் தம் குருவின் பெயரையே சூட்டினார். உள்ளூர்க் கோயில்களில் உரிமைகள் தாய்வழியாக வர, இங்கே குரு சீட வழியே நிறுவனத்தின் வழியாயிற்று. துறவியர் குடியையும் சாதியையும் துறந்தவராதலால், அவர்களிடமிருந்து எவரும் குடியுரிமையாக எதனையும் மரபுவழியே பெற இயலாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்தில் விபுலானந்தர் திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்ததும், இவ்வொழுங்கை அவர் தம் சொந்த வாழ்விலும் கைக்கொண்டதைக் காட்டும்.

இராமகிருஷ்ண மடங்களின் வழிபாட்டு முறையும் இதற்கேற்பவே அமைந்துள்ளது. விடியற்காலை மங்கள ஆரத்தி, பகற்பூசை, அந்தியில் விவேகானந்தர் இயற்றிய ஆரத்திப் பாடலுடன் தீபாராதனை, ஏகாதசியில் இராமநாம சங்கீர்த்தனம், இராமகிருஷ்ணர், சாரதாதேவியார், விவேகானந்தர் ஆகியோரின் திதி பூசைகள் என்பன அதன் உறுப்புகள். பூசை செய்வோர் அப்பணிக்குப் பயிற்றப்பட்ட துறவியரும் பிரமசாரிகளுமே. பரம்பரைப் பூசகர் இல்லை. ஆரத்தியின்போது கூடியிருப்போர் அனைவரும் சேர்ந்து பாடுவதால் பார்ப்போர், செய்வோர் என்ற பிரிவு நெகிழ்கிறது. இங்கு ஒருவரின் இடத்தை வகுப்பது அன்றாடப் பயிற்சியே. தன் விடுதலையும் உலக நலமும் ஒன்றாக நாடப்பட வேண்டும் என்பது மிசனின் கொள்கையாதலால், ஆதரவற்ற பிள்ளைக்குச் சோறிடுவதும் எழுத்தறிவிப்பதும் பூசையின் நீட்சியாகவே கொள்ளப்படுகின்றன.

கிறித்தவ மிசன் பள்ளிகளின் அறைகூவல் பொய்யன்று. மெதடிஸ்த குருவான வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தது முதல் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் திருச்சபைகளின் கையிலேயே இருந்தது. சைவப் பிள்ளைகளுக்குத் தம் சமயச் சூழலிலேயே கல்வி கிடைக்க வேண்டும் என்ற தேவை உண்மையானது. ஆனால் அத்தேவை மட்டுமே ஆசிரமத்தைத் தாங்கியிருப்பின், உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதற்கான 1960ஆம் ஆண்டுச் சட்டத்துடன் அதன் வரலாறு முடிந்திருக்க வேண்டும். பள்ளிகள் அரசிடம் சென்றபின்னும் பூசையும் மாணவர் இல்லமும் தொடர்ந்தன. 1947 ஜூலை 19இல் மறைந்த விபுலானந்தரின் சமாதியும் சிவானந்த வித்தியாலய வளவிலேயே உள்ளது.

உன்னிச்சைக்கு வடகிழக்கே செங்கலடியில் அமைந்த சிவதொண்டன் நிலையம் இக்கருத்துக்கு மற்றொரு சான்றாகும். யாழ்ப்பாணத்து யோகசுவாமிகளின் அடியார் வழி வந்த அந்நிலையத்துடன், இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மகனும் யோகசுவாமிகளின் சீடருமான சந்தசுவாமி நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். குருவின் திருவடி வழிபாடு, அவர் பாடிய நற்சிந்தனைப் பாடல்களை ஓதுதல், மௌனத் தியானம் என்பனவே இம்மரபின் சாதனைகள். பள்ளியை மையமாகக் கொள்ளாமலே ஆசிரமம் ஒன்று இங்கு வேர்கொள்ள முடிந்தது என்பதும், குடியோ சாதியோ தேசமோ இல்லாத ஆங்கிலேயர் ஒருவர் அதில் அடியாராக இடம் பெற முடிந்தது என்பதும் மிசன் பள்ளி விளக்கத்தின் போதாமையைத் தெளிவுறுத்துகின்றன.

எனவே ஆசிரமங்களைக் கல்வி வரலாற்றின் ஓர் அத்தியாயமாக மட்டும் எழுதுவது அவற்றைக் குறைத்து மதிப்பிடுவதாகும். அவை கோயிலை மறுக்கவில்லை. ஆசிரமத்தில் ஆரத்தி பாடிய பிள்ளை கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்துக்கும் செல்லலாம். கோயில் சமூகத்துக்குத் தன் வேர்களை நினைவூட்டுகிறது; ஆசிரமம் அவ்வேர்களைக் காட்ட இயலாதவரையும் அடியாராக ஏற்கிறது. போரும் இடப்பெயர்வும் குடும்பங்களைச் சிதைத்த ஒரு நிலத்தில் இவ்விரண்டாம் பணியின் தேவை பெருகியதேயன்றிக் குறையவில்லை. ஆகையால் இப்பகுதியின் சமய வரலாறு, வண்ணக்கரின் உரிமைகளை ஆராயும் அதே கவனத்தோடு ஆசிரமங்களின் அன்றாடப் பூசையையும் ஆராய வேண்டியுள்ளது.